தார் ரோட்டுக்கு எத்தனை டன்? சதுர அடிக் கணக்கு, எடைக் கணக்கு, லெவல் கணக்கு

குடியிருப்போர் சங்கத்தின் உள் தெரு, பள்ளிக்கூட வளாகம், கல்யாண மண்டபத்தின் பார்க்கிங், லாரி வந்து போகும் சின்ன ஃபேக்டரி முற்றம். இப்படி ஓர் இடத்துக்குத் தார் போட மூன்று காண்ட்ராக்டர்களிடம் விலை கேட்டுப் பாருங்கள். ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார். இன்னொருவர் டன்னுக்கு இவ்வளவு, எத்தனை டன் பிடிக்கிறதோ அத்தனைக்கும் கொடுங்கள் என்பார். மூன்றாமவர் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்று முடித்துவிடுவார். இந்த மூன்றில் எது குறைவு என்று அப்படியே பார்த்தால் தெரியாது. மூவரும் விற்பது ஒரே பொருள் இல்லை. அந்தத் தெருவுக்குள் எத்தனை டன் கலவை போக வேண்டும் என்ற எண் உங்கள் கையில் இருந்தால்தான் மூன்று விலையையும் ஒப்பிடவே முடியும்.

அரசு வேலையிலும் இதற்கு ஒரே வழி என்று கிடையாது. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் விதிமுறை, பேவர் (கலவையைச் சீராக விரிக்கும் எந்திரம்) வைத்துப் போடும் அடர்த்தியான தார்க் கலவையைக் கன மீட்டரிலும் அளக்கலாம், டன்னிலும் அளக்கலாம், குறிப்பிட்ட தடிமனுக்குச் சதுர மீட்டரிலும் அளக்கலாம் என்று மூன்றையும் திறந்தே வைத்திருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் போட்ட சமமான அடித்தளத்துக்குச் சதுர மீட்டர் நல்லது. பள்ளமும் ஒட்டுமாக இருக்கும் பழைய ரோட்டுக்கு டன். தண்ணீர் ஒரு பக்கம் வடிந்தாக வேண்டிய பெரிய முற்றத்துக்கு லெவல், அதாவது வேலைக்கு முன்னும் பின்னும் தளத்தின் உயரத்தை எடுத்துக் கணக்கிடுவது. நம் ஊர் உள் தெருக்களில் பெரும்பாலானவை முதல் இரண்டும் கலந்தவை. அங்கே வேலையை இரண்டாகப் பிரித்துத்தான் விலை கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத் தெருவை எடுத்துக்கொள்வோம். புறநகர் மனைப்பிரிவு ஒன்று. பிரதானத் தெரு 220 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். அதிலிருந்து பிரியும் இரண்டு குறுக்குத் தெருக்கள் தலா 90 மீட்டர், 4.5 மீட்டர் அகலம். பிரதானத் தெரு 1,320 சதுர மீட்டர், குறுக்குத் தெருக்கள் 810. வண்டி திரும்ப மூலைகளை வளைத்து விடுவார்களே, அந்த நான்கு மூலைகளுக்கும் 4 மீட்டர் ஆரம் வைத்தால் இன்னும் 14 சதுர மீட்டர். மொத்தம் 2,144. சதுர அடியில் ஏறத்தாழ 23,080.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனை வரைபடத்தில் 30 அடி ரோடு என்று இருந்தால் அது வேலிக்கு வேலி அகலம். தார் விழுவது பெரும்பாலும் 18, 20 அடிதான். வரைபடத்தைப் பார்த்துப் பரப்பு போட்டால் பாதி ரோட்டுக்கு வீண் பணம் கொடுப்பீர்கள். 20 மீட்டருக்கு ஓரிடம் டேப் வைத்துத் தார் அகலத்தை எடுத்துச் சராசரி போடுங்கள், போதும்.

இனி எடை. மேல்தளமாகப் போடும் பிட்டுமினஸ் கான்கிரீட்டை, அதாவது பி.சி. கலவையை, ரோலர் உருட்டி முடித்த பிறகு அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2.3 முதல் 2.4 டன் வரை இருக்கும். நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லிக்கு 2.35 என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. கலவை தரும் பிளான்ட்டில், அந்தக் கலவையைச் சோதித்து அடர்த்தியைக் குறித்த மார்ஷல் பரிசோதனைத் தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கினால் துல்லியமான எண்ணே கிடைத்துவிடும். தர மறுக்கிறார்கள் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.35 கிலோ. இந்த ஒரு எண் மனதில் இருந்தால் கால்குலேட்டரே தேவையில்லை. 40 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 94 கிலோ, 30 மி.மீ. என்றால் 70.5 கிலோ. அடிக் கணக்கில் பேசுபவர்களுக்கு, ஒரு சதுர அடியில் ஓர் அங்குலத்துக்கு சுமார் ஐந்தரை கிலோ. நம் உதாரணத் தெருவுக்கு 40 மி.மீ. போட்டால் 201 டன் சொச்சம், 30 மி.மீ. போட்டால் 151 டன்.

இந்த எண்ணில் பிழை எங்கிருந்து வரும் என்று பாருங்கள். அகலத்தை 6 மீட்டருக்குப் பதில் 5.8 என்று அளந்துவிட்டால் 3 சதவீதம் போகும். அடர்த்தியை 2.3 என்று எடுப்பதற்கும் 2.4 என்று எடுப்பதற்கும் 4 சதவீத வித்தியாசம். தடிமனில் 5 மி.மீ. குறைந்தாலோ, 30 மி.மீ. ரோட்டில் அது 17 சதவீதம். நம் தெருவில் ஒரு மில்லிமீட்டர் என்பதே 5 டன். காண்ட்ராக்டருக்கும் சங்கத்துக்கும் வருகிற சண்டை எல்லாம் இந்த மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் மூன்று முறை அளந்து பார்ப்பவர்கள் தடிமனை மட்டும் வாய்வார்த்தையாக விட்டுவிடுகிறார்கள்.

முதலில் சதுர அடி விலை. இதன் நன்மையை மறுக்க முடியாது. மொத்தச் செலவு முன்பே தெரிந்துவிடும். சங்கக் கூட்டத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். கலவை கூடப் பிடித்தால் அது காண்ட்ராக்டரின் தலைவலி. ஆனால் இந்த முறையில் அவர் குறைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அவருக்கு லாபம். கெட்ட எண்ணம் கூடத் தேவையில்லை, விலையின் அமைப்பே அவரை மெல்லிசாகப் போட வைக்கும்.

அதிலும் ஒரு பழைய சாமர்த்தியம் உண்டு. கொட்டேஷனில் "ஒன்றரை இஞ்ச் தார்" என்று எழுதியிருக்கும். ஒன்றரை இஞ்ச் என்றால் 38 மி.மீ. பேவர் கொட்டும்போது 38 மி.மீ. இருக்கத்தான் செய்யும். கம்பியை விட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். ரோலர் ஓடி முடித்ததும் அது 30 மி.மீ. ஆகியிருக்கும். உருட்டாத கலவைக்கும் உருட்டிய தளத்துக்கும் கிட்டத்தட்ட ஐந்துக்கு நான்கு என்ற கணக்கு. முடிவில் 40 மி.மீ. வேண்டும் என்றால் பேவருக்குப் பின்னால் 50 மி.மீ. நிற்க வேண்டும். "உருட்டி முடித்த பின்" என்ற மூன்று சொற்கள் கொட்டேஷனில் இல்லாததால் நம் தெருவில் 8 மி.மீ., அதாவது 40 டன், சத்தமில்லாமல் காணாமல் போகும்.

சதுர அடி விலையை ஏற்பதானால் கூடவே கோர் எடுக்கும் நிபந்தனையும் இருக்க வேண்டும். 100 மி.மீ. விட்டத்தில் மூன்று, நான்கு இடங்களில் ரோட்டை வட்டமாக வெட்டி எடுத்துத் தடிமனைப் பார்ப்பது. எந்த இடம் என்று நீங்கள் சொல்ல வேண்டும், அதையும் வேலை முடிந்த பிறகு சொல்ல வேண்டும். ரோட்டு ஓரத்தில் பக்கவாட்டில் தெரியும் தடிமனை வைத்து நடுரோட்டை முடிவு செய்யாதீர்கள்.

கோரில் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எடையையும் பார்க்க வேண்டும். கலவை ஆறிப்போய் வந்தாலோ, ரோலர் சரியாக ஓடாவிட்டாலோ தளம் இறுகாது. இறுகாத தளம் தடிமனாகத் தெரியும். சதுர மீட்டருக்கு 94 கிலோ என்ற அதே அளவு கலவை 2.35 அடர்த்திக்கு இறுகினால் 40 மி.மீ., 2.15-இல் நின்றுவிட்டால் 44 மி.மீ. அளவுகோல் மட்டும் வைத்துப் பார்த்தால் மோசமாக உருட்டிய ரோடுதான் ஜெயிக்கும். 100 மி.மீ. விட்டம், 40 மி.மீ. உயரம் உள்ள ஒரு நல்ல கோர் கிட்டத்தட்ட 740 கிராம் இருக்கும். 680, 690 என்று வந்தால் ரோலர்காரரிடம் பேச வேண்டியிருக்கிறது என்று பொருள். சட்டப்படியான சோதனையை ஓர் இன்ஜினியரிங் காலேஜ் லேபில் தண்ணீரில் மூழ்கவைத்து எடை போட்டுச் செய்வார்கள். சண்டை வந்தால் அந்தத் தாள்தான் நிற்கும்.

அடுத்தது டன் கணக்கு. இங்கே ஆபத்து அப்படியே தலைகீழ். காண்ட்ராக்டருக்குக் கூடுதலாக இறங்கும் ஒவ்வொரு டன்னும் வருமானம். பட்ஜெட்டும் முன்கூட்டித் தெரியாது. பிறகு ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், பழைய ரோட்டில் நேர்மையான காண்ட்ராக்டரால் சதுர அடிக்கு நேர்மையான விலை சொல்லவே முடியாது.

பழைய ரோடு சமமாக இருப்பதில்லை. குடிநீர்க் குழாய்க்கு வெட்டி மூடிய கோடு, மேன்ஹோலைச் சுற்றி இறங்கிய வட்டம், மழைத் தண்ணீர் நின்று அரித்த பள்ளம் எல்லாம் இருக்கும். மேலே 40 மி.மீ. விரித்தால் பள்ளத்தில் 70 விழும், மேட்டில் 25 விழும். மேலாகப் பார்த்துச் சதுர அடி விலை சொல்பவர் ஒன்று பயந்து விலையைக் கூட்டுவார், இல்லையென்றால் குறைத்துச் சொல்லிவிட்டு மேட்டில் சுரண்டுவார். இதனால் பள்ளம் நிரப்பிச் சமப்படுத்தும் கலவையைத் தனி அயிட்டமாக வைக்க வேண்டும். நெடுஞ்சாலை ஆட்கள் இதை ப்ரொஃபைல் கரெக்‌ஷன் என்பார்கள்.

அதற்கு எவ்வளவு வேண்டும்? ஒரு 3 மீட்டர் அலுமினிய பாக்ஸ் பைப், ஒரு ஸ்கேல், ஒரு சாக்பீஸ் போதும். பைப்பைக் குறுக்கே வைத்து அடியில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, பள்ளமான பகுதிகளைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒவ்வொன்றின் பரப்பையும் சராசரி ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. நம் தெருவில் 15 சதவீதப் பரப்பு சராசரியாக 25 மி.மீ. இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். 322 சதுர மீட்டர், 8 கன மீட்டர், 19 டன். இந்த 19 டன்னை நீங்கள் தனியாகக் காட்டாவிட்டால் அது மேல்தளத்தின் தடிமனிலிருந்துதான் திருடப்படும்.

டன் கணக்கில் கண்காணிப்பு எடைமேடையில் தொடங்குகிறது. பிளான்ட்டின் சொந்த எடைமேடை ரசீதோடு நிறுத்திக்கொள்ளாமல், வழியில் இருக்கும் பொது எடைமேடையில் ஒன்றிரண்டு லோடுகளையாவது முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்திப் போடச் சொல்லுங்கள். காலி வண்டியின் எடையை அதே நாளில் எடுக்க வேண்டும். என்றோ எடுத்த காலி எடையை வைத்துக் கழிப்பது வேண்டாம். கலவையைத் தவணை தவணையாக எடை போட்டுக் கலக்கும் பேட்ச் மிக்ஸ் பிளான்ட்டாக இருந்தால் ஒவ்வொரு பேட்ச்சின் எடையும் பிரின்ட் ஆகும், அதன் நகலையும் கேட்கலாம்.

அதைவிட எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். 10 டன் கலவை 40 மி.மீ.க்கு உருண்டால் 106 சதுர மீட்டர் மூடும். 6 மீட்டர் அகலத் தெருவில் அது 17.7 மீட்டர் நீளம். டிப்பர் வந்ததும் ரசீதைப் பார்த்து, இந்த லோடு எதுவரை போக வேண்டும் என்று பிளாட்பாரக் கல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். லோடு கோட்டுக்கு முன்னாலேயே தீர்ந்தால் தடிமன் கூடுகிறது, பணம் போகிறது. கோட்டைத் தாண்டிப் போனால் மெல்லிசாக விழுகிறது. இது ஒவ்வொரு வண்டிக்கும் உடனுக்குடன் தெரியும், கோர் போல வேலை முடிந்து காத்திருக்க வேண்டாம். காண்ட்ராக்டரின் மேஸ்திரியும் கோட்டைப் பார்ப்பார். அது ஒரு கூடுதல் நன்மை.

வண்டி வந்ததும் சூட்டையும் பாருங்கள். விஜி-30 என்ற தர வகைத் தாரில் செய்த கலவை விரிக்கும்போது 140 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. 90-க்கு வருவதற்குள் உருட்டி முடித்திருக்க வேண்டும். தார்ப்பாய் போடாமல் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் நின்று வந்த லோடு எடையில் சரியாக இருக்கும், ரோட்டில் இறுகாது. டன் கணக்கில் அதற்கும் முழுப் பணம் கொடுப்பீர்கள்.

மூன்றாவது வழி லெவல். வேலைக்கு முன்னால் ஆட்டோ லெவல் (சர்வேயர் உயரம் அளக்கும் கருவி) வைத்து 5 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்துக்கொள்வது, முடிந்த பிறகு அதே புள்ளிகளில் மறுபடி எடுப்பது, இரண்டுக்குமான வித்தியாசத்தைப் பரப்போடு பெருக்கிக் கன அளவு காண்பது. நம் தெருவுக்கு 85, 90 புள்ளிகள் வரும். இந்த மூன்றில் கன அளவை நேரடியாகக் காட்டுவது இதுதான். ஆனால் சர்வேயருக்கு இரண்டு தடவை பணம் கொடுக்க வேண்டும், அழியாத ஓர் அடையாளப் புள்ளியும் வேண்டும். 2,000 சதுர மீட்டர் தெருவுக்கு இது அதிகம் என்பேன். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து நாலைந்து குறுக்குவெட்டு எடுத்தால் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிடும்.

ஃபேக்டரி முற்றம், பள்ளி மைதானத்தை ஒட்டிய பார்க்கிங் போன்ற இடங்களில் கதை வேறு. 60க்கு 40 மீட்டர் முற்றத்தில் தண்ணீர் ஒரு வடிகாலை நோக்கிப் போக வேண்டும் என்றால், லெவல் எடுக்காமல் கணக்குப் போடவே கூடாது. சரிவு போதவில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்து, அதைத் தாரிலேயே சரிக்கட்டப் பார்ப்பார்கள். சராசரியாக 10 மி.மீ. கூடினாலே அந்த முற்றத்துக்கு 56 டன் கூடுதல். சரிவை வெட் மிக்ஸ், அதாவது தாருக்கு அடியில் வரும் ஜல்லித் தளம், போடும்போதே கொடுத்துவிட வேண்டும். ஜல்லியில் சரிக்கட்டுவது தாரில் சரிக்கட்டுவதைவிடப் பல மடங்கு மலிவு.

லெவல் கணக்கைத் தெருக்களில் பேச வைத்தது வீட்டுக்குள் புகும் மழைத் தண்ணீர். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, வாசல்கள் பள்ளமாகிவிட்டன. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். தனியார் வளாகங்களுக்கும் அது நல்ல யோசனை. 40 மி.மீ. மில்லிங் செய்து, அதாவது எந்திரத்தால் சீவி எடுத்து, 40 மி.மீ. போட்டால் உயரம் மாறாது.

மில்லிங்கில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், கணக்கு சுத்தமாகிவிடுகிறது. எந்திரம் சீவிய தளம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். அந்த 19 டன் சமப்படுத்தும் கலவையில் பெரும்பகுதி தேவைப்படாது. பிறகு சதுர மீட்டர் விலைக்கே தைரியமாகப் போகலாம். எதிர்ப்பக்கம், மில்லிங் எந்திரம் வந்து போகும் செலவு சிறு தெருவுக்குக் கனமாக இருக்கும். எடுத்த பழைய தார் 200 டன் வரை எங்கே போகும் என்றும் யோசிக்க வேண்டும். ஜே.சி.பி. பக்கெட்டால் கிளறுவதை மில்லிங் என்று சிலர் சொல்வார்கள். அது பள்ளத்தை அதிகமாக்கும், கலவையும் கூடப் பிடிக்கும்.

இணையத்தில் கிடைக்கும் தார்க் கால்குலேட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவை அமெரிக்கக் கணக்கு. நீளம் அடியில், தடிமன் அங்குலத்தில், அடர்த்தி கன அடிக்கு 145 பவுண்ட். அது மீட்டரில் 2.32, அதில் தப்பில்லை. ஆனால் விடை வருவது 907 கிலோ கொண்ட அமெரிக்க டன்னில். நம் தெருவின் 40 மி.மீ. கணக்கை அதில் போட்டால் 220 என்று காட்டும். அதை அப்படியே பிளான்ட்டில் சொன்னால், 1,000 கிலோ டன்னில் 220 வந்து நிற்கும். சுமார் 20 டன் அதிகம். சமப்படுத்தும் கலவையும் சேர்த்து மொத்தம் 220 டன்னுக்குப் பக்கத்தில்தான் வரும் என்பதால், தற்செயலாகச் சரியாக வந்துவிடுவதும் உண்டு. அதை நம்பி இருக்க வேண்டாம்.

பட்ஜெட் இடித்தால் காண்ட்ராக்டர் சொல்லும் மாற்று, 20 மி.மீ. ப்ரீமிக்ஸ் கார்பெட். கிராமச் சாலைகளில் நிறையப் பார்க்கலாம். இதற்கு அடர்த்திக் கணக்கு பொருந்தாது. துளைகள் நிறைந்த திறந்த கலவை என்பதால் 10 சதுர மீட்டருக்கு இவ்வளவு ஜல்லி, இவ்வளவு தார் என்றுதான் விதிமுறையே சொல்கிறது: 13.2 மி.மீ. ஜல்லி 0.18 கன மீட்டர், 11.2 மி.மீ. ஜல்லி 0.09 கன மீட்டர், தார் 14.6 கிலோ. நம் தெருவுக்கு 58 கன மீட்டர் ஜல்லி வரும். லாரிக்காரர் பாஷையில், 100 கன அடி ஒரு யூனிட் என்றால், இருபதரை யூனிட். தார் 3,130 கிலோ. மேலே மணலோடு சேர்த்துப் போடும் சீல் கோட்டுக்கு 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ வீதம் இன்னொரு 1,460 கிலோ. சீல் கோட்டை விட்டுவிட்டு விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சீல் இல்லாத ப்ரீமிக்ஸில் முதல் மழைக்காலத்திலேயே தண்ணீர் உள்ளே இறங்கும். கார் மட்டும் போகும், தண்ணீர் நிற்காத தெருவுக்கு இது தாங்கும். பள்ளி பஸ், தண்ணீர் லாரி திரும்பும் இடத்துக்கு வேண்டாம்.

தாரின் பங்கை எப்போதும் தனியாகவும் எழுதி வையுங்கள். 13.2 மி.மீ. ஜல்லி போட்ட பி.சி. கலவையில் மொத்த எடையில் குறைந்தது 5.4 சதவீதம் தார் இருக்க வேண்டும். 201 டன்னில் அது 10.9 டன். எண்ணெய் நிறுவனங்கள் தார் விலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுகின்றன. கொட்டேஷன் வாங்கிய நாளுக்கும் வேலை நாளுக்கும் நடுவில் விலை நகரும். யார் ஏற்பது என்று முன்பே பேசிவிட்டால், விலை ஏறிய வாரத்தில் தார் சதவீதம் குறையும் ஆபத்தும் குறையும். பிளாஸ்டிக் ரோடு போடலாமா என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த முறை அது. சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துகளைப் பூசி, தாரில் ஒரு சிறு பங்கை, வழக்கமாக 6 முதல் 8 சதவீதத்தை, மிச்சப்படுத்துவது. மொத்த டன் கணக்கில் அதனால் மாற்றம் வராது.

புதுத் தளம் ஒட்டிக்கொள்ளப் பழைய தளத்தின் மேல் அடிக்கும் தார்ப் பூச்சான டேக் கோட், சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ. நம் தெருவுக்கு 0.25 வைத்தால் 536 கிலோ. மில்லிங் செய்த வரிவரியான தளம் மேல் வரம்பைக் கேட்கும். இது தொகையில் சிறியதுதான். ஆனால் சதுர அடி விலையில் இது சேர்ந்ததா என்று கேட்காவிட்டால், ஒரு வாளியும் விளக்குமாறும் வைத்துத் தெளித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

30 மி.மீ.யா, 40 மி.மீ.யா என்பதில் என் கை 40 பக்கம் சாயும். தடிமன் கல்லின் அளவைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் கற்கள் நகர்ந்து இடம் பிடித்து இறுகும். 13.2 மி.மீ. கல்லுக்கு அது 40. விதிமுறை 30-ஐயும் அனுமதிக்கிறது, பேவரும் ரோலரும் நன்றாக ஓடினால் வரும். சிறு வேலைக்கு அப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பது அரிது. பணம் 30-க்குத்தான் இருக்கிறது என்றால் 10 மி.மீ. கல் போட்ட கலவையைக் கேளுங்கள். பெரிய கல்லை மெல்லிசாக இழுத்தால் பேவர் போன தடமெல்லாம் கீறலாகத் தெரியும்.

நம் தெருவுக்கு நான் எழுதும் கணக்கு இது. மேல்தளம் உருட்டி முடித்த பின் 40 மி.மீ., 2,144 சதுர மீட்டர், சதுர மீட்டர் விலை, நான்கு கோர்களின் சராசரித் தடிமனுக்கு ஏற்பப் பணம், 35-க்குக் கீழே வந்தால் அந்தப் பகுதி மறுபடி. சமப்படுத்தும் கலவை டன் விலை, மதிப்பீடு 19 டன், 25 டன்னுக்கு மேல் போனால் சங்கத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மேன்ஹோல் மூடியை உயர்த்துவது எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று தனி. வீணாவது, கையால் இழுக்கும் மூலைகள் எல்லாவற்றுக்கும் 3 சதவீதம் சேர்த்தால் பிளான்ட்டில் சொல்ல வேண்டியது 227 டன்.

பத்து சக்கர டிப்பரில் 16 டன் வீதம் 14 லோடு போக 3 டன் பாக்கி வரும். அந்தக் கடைசி வண்டியை முன்கூட்டி ஆர்டர் செய்யாதீர்கள். பன்னிரண்டாவது லோடு இறங்கும்போது ஒருவர் டேப்போடு போய் மிச்சமிருக்கும் நீளத்தை அளக்கட்டும். அகலத்தால் பெருக்கி, சதுர மீட்டருக்கு 94 கிலோ வைத்துப் பிளான்ட்டுக்குப் போன் செய்தால், தேவையானது மட்டும் சின்ன வண்டியில் வரும். சூடான கலவையைத் திருப்பி அனுப்ப முடியாது. மீந்தால் யாருடைய வீட்டு வாசலுக்குப் போகும் என்பதில் சங்கத்துக்குள் புதுச் சண்டை ஆரம்பிக்கும்.